விண்டோலாண்டாவுக்கு ஒரு நாள்: பார்டன் மில்லில் இறங்கிப் போவது எப்படி

வடக்கு இங்கிலாந்துக்கு உறவினரைப் பார்க்க வருபவர்கள் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைக் கட்டாயம் பட்டியலில் வைத்திருப்பார்கள். காரில் போய், சுவரோரம் நின்று நாலு படம் எடுத்து, காற்று தாங்காமல் அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். சுவர் பார்க்கவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முழு நாள் கையில் இருந்தால் அதைச் சுவருக்குத் தெற்கே ஒரு மைல் தள்ளியிருக்கும் விண்டோலாண்டா என்ற பழைய ரோமானியக் கோட்டைக்குக் கொடுங்கள். ரோமானியப் படையினர் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் பணம் கேட்டு எழுதினார்கள், எத்தனை பேருக்குக் கண் நோய் என்பதெல்லாம் அவர்கள் எழுதிவைத்தபடியே கிடைத்திருக்கும் இடம் அது.

நான் நியூகாசிலில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் விண்டோலாண்டாவுக்கு அழைத்துப் போவேன். கூட வர முடியாதபோது வழி எழுதிக் கொடுப்பேன். அப்படி எழுதிக் கொடுத்ததையெல்லாம் சேர்த்து, கொஞ்சம் விரிவாக இங்கே தருகிறேன். எல்லாருக்கும் நான் சொல்வது ஒரே வரிசைதான்: முதலில் கடிதங்கள், அப்புறம் அருங்காட்சியகம், கடைசியில் இடிபாடுகள். கடிதம் படிக்காமல் நேரே இடிபாட்டுக்குள் போய் நின்றால், அஸ்திவாரம் போட்டுப் பாதியில் நிறுத்திய மனைக்கட்டு மாதிரிதான் தெரியும்.

கிளம்பும் முன் இந்தக் கடிதங்களைப் படித்துவிடுங்கள்

விண்டோலாண்டாவில் முதல் கோட்டை கி.பி. 85 வாக்கில் எழுந்தது. ஹேட்ரியன் சுவர் கட்டத் தொடங்கிய 122-க்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முந்தியது. அந்தக் கோட்டை மரமும் புல்மண் கட்டிகளும் கொண்டு கட்டியது. படைப்பிரிவு மாறும்போது பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளி, மேலே களிமண்ணும் புல்கட்டியும் பரப்பிச் சமன் செய்து, புதிதாகக் கட்டினார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள். அடியில் மாட்டிக்கொண்ட குப்பைக்குக் காற்றே போகவில்லை. ஈரம் மட்டும் அப்படியே நின்றது. காற்றில்லாத ஈரத்தில் மரத்தையும் தோலையும் அரிக்கும் நுண்ணுயிர்கள் பிழைக்காது. அதனால்தான் வேறு இடங்களில் நூறு ஆண்டுகூடத் தாங்காத பொருள்கள் இங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன.

1973 மார்ச்சில் ராபின் பர்லி என்ற தொல்லியலாளர் இங்கே வடிகால் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே மையில் எழுத்து. காற்றுப் பட்ட கொஞ்ச நேரத்தில் மரம் கறுத்து, எழுத்து மறைந்துபோனது. நியூகாசில் மருத்துவக் கல்லூரியில் புகைப்படப் பணியில் இருந்த ஆலிசன் ரதர்ஃபோர்டு அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துக் கொடுத்த பிறகே எழுத்து மறுபடி தெரிந்தது. கண் பிரிவில் நாங்களும் விழித்திரையைப் பார்க்க அகச்சிவப்பு ஒளியைத்தான் நம்பியிருக்கிறோம் என்பதால் இந்தச் செய்தி எனக்கு எப்போதும் கூடுதல் மகிழ்ச்சி தரும்.

அதன்பின் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அஞ்சலட்டை அளவு, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் தடிமன், பெரும்பாலும் பிர்ச், ஆல்டர் போன்ற உள்ளூர் மரம். கரி மையில் எழுதி, நடுவில் மடித்து, வெளியே முகவரி எழுதுவார்கள். மூலங்களில் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லத்தீன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசம். 'விண்டோலாண்டா டேப்லட்ஸ்' என்று தேடினால் எண் வாரியாக வரும். எல்லாவற்றையும் படிக்கவேண்டாம். நான் சொல்லும் நாலைந்து போதும், ரயிலிலேயே படித்துவிடலாம்.

முதலில் 154. இது கடிதம் இல்லை, ஆள்கணக்கு. துங்ரியர் (இன்றைய பெல்ஜியப் பக்கத்து மக்கள்) முதலாம் படைப்பிரிவின் மே 18-ஆம் தேதி நிலவரம். மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் வெளியூரில்; 337 பேர் கோரியாவில் மட்டும், அதாவது இன்றைய கார்பிரிட்ஜில். கோட்டையில் இருந்தவர்கள் 296. அந்த 296-இல் வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் 31: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் நோய்க்காரர்கள் 10. கண் நோய்க்கென்று தனி வரி போட்டுக் கணக்கெழுதியிருக்கிறார்கள்! காலையில் பணி மாறும்போது நாங்கள் எழுதும் குறிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு, அடுப்புப் புகையோடு, எட்டுப் பேர் ஒரே குடியிருப்பில் படுத்தெழுந்தால், துவாலையும் மாறி மாறிப் புழங்கினால், ஒருவர் கண் சிவந்த வாரத்தில் பத்துப் பேர் கண் சிவப்பது இயல்புதான். ரோமானியப் பிரிட்டனில் கண் மருந்துக் கட்டியில் பெயர் பதிக்கும் முத்திரைக் கற்கள் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. இந்தத் தொல்லை எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது 291. கிளாடியா செவெரா என்ற பெண், விண்டோலாண்டா கோட்டைத் தலைவர் செரியாலிஸின் மனைவி சுல்பிசியா லெபிடினாவுக்கு எழுதியது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், அவசியம் வா, நீ வந்தால்தான் நாள் சிறக்கும் என்று அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் அழகான கையில் எழுதியிருக்கிறார். கீழே வலப்பக்கம் கடைசி வரிகள் மட்டும் வேறு கை: எழுத்து ஒன்றோடொன்று முட்டுகிறது, வரி சாய்கிறது. உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி, என் உயிரே, நலமாக இரு என்கிறது. அது செவெராவே எழுதியது. ஒரு பெண் தன் கையால் எழுதிய லத்தீன் எழுத்துகளில் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று. படத்தைப் பெரிதாக்கி அந்த மூலையைப் பாருங்கள். மொழி தெரியவேண்டியதில்லை, கை மாறுவது கண்ணுக்கே தெரியும்.

343-இல் ஆக்டேவியஸ் என்ற சரக்கு வியாபாரி பேசுகிறார். 5,000 மோடி (தானியம் அளக்கும் ரோமானிய அளவு) கதிர் வாங்கிவிட்டேன், பணம் அனுப்பு, இல்லையென்றால் கொடுத்த முன்பணம் 300 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) வரைக்கும் போய்விடும், எனக்கும் அவமானம் என்று நச்சரிக்கிறார். கேட்டரிக்கில் தோல் கிடக்கிறது, சாலை மோசமாக இருப்பதால் எடுத்துவரவில்லை என்றும் சொல்கிறார். 346-இல் யாரோ ஒருவருக்குக் காலுறையும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருக்கிறார்கள். 628-இல் மாஸ்க்லஸ் என்ற அதிகாரி, ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார்.

கடைசியாக 184. இதை நம்மவர்கள் யாரும் விடக்கூடாது. இதுவும் கணக்குதான்: வீரர் பெயர், வாங்கிய பொருள், தொகை. அதில் ஒரு வரி, தாப்போவின் மகன் காம்பாக்ஸ், மிளகு, 2 தினாரியஸ். அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது நம் பக்கத்து மலைகளில். யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டும் சொல்கிறது. சேர நாட்டுக் கரையில் ஏற்றிய மூட்டை செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் எல்லாம் தாண்டி, ரோமப் பேரரசின் வடகோடியில் ஒரு சாதாரணப் படைவீரனின் கணக்கில் வந்து நிற்கிறது.

என் மாமியார் வீட்டார் போடியில் ஏலம், மிளகு வியாபாரம் பார்த்தவர்கள். இந்த வரியைக் கைபேசியில் காட்டி, “அத்தை, இது மிளகுக் கணக்கு” என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்ப என்ன விலைம்மா?” என்பதுதான். பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் என்று குறித்திருக்கிறார். ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். அந்த விலைக்கே இங்கேயும் கிடைத்திருந்தால் 2 தினாரியஸுக்கு 160 கிராம் போல வரும். “ஒத்தை ஆளுக்கு அது ரெண்டு மூணு மாசத்துக்குக் காணுமே” என்றார் உடனே. லீஜியன் என்ற முதல்தரப் படையின் வீரருக்கே அப்போது ஆண்டுச் சம்பளம் 300 தினாரியஸ்தான். காம்பாக்ஸ் சம்பளத்தைப் பார்க்காமல் செலவு செய்திருக்கிறார், மிளகு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டே அன்று கோட்டை முழுக்கச் சுற்றினோம்.

போகும் வழி

நியூகாசிலிலிருந்து கார்லைல் போகும் ரயிலில் ஏறுங்கள். இந்தப் பாதை முழுதாகத் திறந்தது 1838-இல். ஹெக்ஸம் தாண்டியதும் ரயில் தெற்கு டைன் ஆற்றோடு போகத் தொடங்கும். ஹேடன் பிரிட்ஜுக்கு அடுத்து பார்டன் மில். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. ஏறும் முன் நிறுத்தங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ரயிலின் நேரத்தையும் அப்போதே குறித்துவைத்துவிடுங்கள், ஏனென்றால் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

பார்டன் மில் சின்ன ஊர். வரிசையாகக் கல் வீடுகள், ஒரு பசும்புல் மைதானம், நாலடி நடந்தால் ஊர் முடிந்துவிடும். பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் 1878-இல் தொடங்கிய எரிங்டன் ரே மண்பாண்டப் பட்டறைதான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. உப்பு மெருகிட்ட பானைகள் அவர்களின் கைவேலை: சூளை நன்றாகக் கனன்றிருக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்கள், உப்பின் சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து பானையின்மேல் கண்ணாடிப் பூச்சாகப் படியும். தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளோடு பழுப்பாக மின்னும் தோட்டத் தொட்டிகளை இந்தப் பக்கத்து வீட்டு வாசல்களில் பார்க்கலாம்.

ஊரிலிருந்து விண்டோலாண்டா ஏறக்குறைய இரண்டு மைல், வடக்கே, மேட்டுப்பாங்கு. ஊருக்கு வடக்கே ஏ69 நெடுஞ்சாலை ஓடுகிறது, வண்டிகள் பறக்கும். அதைத் தாண்டும்போது குழந்தைகளின் கையை விடாதீர்கள். அதற்குப் பிறகு ஒற்றை வண்டி போகும் சந்துப்பாதை, இருபுறமும் வேலி, அதற்குப் பின்னால் ஆடுகள். ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே) எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல்.43 என்ற வரைபடத்தில் வயல்வழி நடைபாதைகளும் இருக்கின்றன. கைபேசிச் சிக்னலை நம்பாமல் காகித வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள். நடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நடக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டையை நெருங்கும்போது ஸ்டேன்கேட் என்ற ரோமானியச் சாலை குறுக்கே வரும். கார்பிரிட்ஜையும் கார்லைலையும் இணைத்த சாலை, சுவரைவிட மூத்தது. அதன் ஓரத்தில், ஓடைக்கு அருகே, ஆள் உயரத்துக்கு ஒரு மைல்கல் நிற்கிறது. ரோமானியர் நட்ட அதே இடத்தில் இன்றும் நிற்கும் கல். எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, மழுங்கிய உருளைத் தூண்தான். காரில் வருபவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஆக்டேவியஸ் சாலை மோசம் என்று அங்கலாய்த்த நாட்களில் இந்தச் சாலையில் மாட்டு வண்டியும் கோவேறு கழுதையும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்று பார்க்கலாம்.

வயதானவர்களை நடக்க வைக்கவேண்டாம். ஹெக்ஸமுக்கும் ஹால்ட்விசிலுக்கும் இடையே ஏ.டி.122 என்ற பேருந்து ஓடுகிறது (சுவர் தொடங்கிய ஆண்டைத்தான் எண்ணாக வைத்திருக்கிறார்கள்). அது விண்டோலாண்டா வாசலுக்கே போகும். குளிர்காலத்தில் நடைகள் குறைந்துவிடும், அதனால் போகும் வாரத்து நேர அட்டவணையைப் பாருங்கள். மாமியாரை நான் அதில்தான் அழைத்துப் போனேன்.

என்ன எடுத்துப் போவது

ஆகஸ்டானாலும் காற்றுப் புகாத மழைக்கோட்டு. குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது. அடிப்பாகம் பிடிமானமுள்ள காலணி; ஈரக்கல் வழுக்கும். சேலை கட்டியவர்களுக்கு உள்ளே தெர்மல் கால்சட்டையும் கால் மூடிய ஷூவும் அவசியம். சாப்பாடு கையில் இருப்பது நல்லது. ஊரில் கடை கண்ணி குறைவு. அருங்காட்சியகத்தில் சிற்றுண்டிச்சாலை உண்டு, ஆனால் வயிறு நிறையச் சோறு தேடுபவர்களுக்கு அது போதாது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால், கீழே ஓடையோரத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உள்ளே: முதலில் கீழே இறங்குங்கள்

முதன்மை நுழைவாயில் மேற்குப் பக்கம். சீட்டு வாங்கி உள்ளே போனதும் எதிரே இடிபாடுகள் விரிந்து கிடக்கும், கால் தானாக அங்கே போகும். போகவிடாதீர்கள். எல்லாவற்றையும் தாண்டி, கிழக்குக் கோடியில் பள்ளத்துக்குள் இறங்குங்கள். அங்கே செஸ்டர்ஹோம் என்ற பழைய வீட்டில்தான் அருங்காட்சியகம். ஆந்தனி ஹெட்லி என்ற பாதிரியார் 1830-களில் இங்கே குடியிருந்து கோட்டையைத் தோண்டிப் பார்த்தவர். அவர் கட்டிய வீடு அது. 1929-இல் எரிக் பர்லி இந்த நிலத்தை வாங்கினார். அவர் மகன்தான் கடிதங்களைக் கண்டெடுத்த ராபின். பேரன் ஆண்ட்ரூவும் இங்கே அகழாய்வை நடத்தியவர். 1970 முதல் விண்டோலாண்டா அறக்கட்டளை என்ற அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் வாங்கும் சீட்டின் பணம் தோண்டுவதற்கும் பாதுகாப்பதற்கும் போகிறது என்பதால் அதைக் கொடுக்க எனக்குக் கை வலித்ததே இல்லை.

உள்ளே காலணிகளுக்கு நேரம் கொடுங்கள். இங்கே கிடைத்தவை 5,000-க்கும் மேல். அடியில் இரும்பாணி அறைந்த படைவீரர் காலணி, வீட்டுக்குள் போடும் செருப்பு, பெண்கள் அணிந்தவை, குழந்தைகள் அணிந்தவை. கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தால் தையல் துளைகள் தெரியும். அடித்தோலில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் தெரியும். சிலவற்றில் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அந்த ஆள் காலைச் சாய்த்து நடந்திருக்கிறார். லெபிடினாவுடையதாக இருக்கலாம் என்று கருதப்படும் நேர்த்தியான செருப்பு ஒன்றில், செய்தவர் பெயர் முத்திரையாகக் குத்தியிருக்கிறது: லூசியஸ் ஏபூடியஸ் தாலஸ். கைக்குழந்தையின் காலணி ஒன்று உண்டு, பெரியவர்களின் காலணியை அப்படியே சிறிதாக்கிச் செய்தது, அடியில் ஆணிகள் உட்பட. நடக்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கு ஆணியடித்த காலணி எதற்கு? தலைவர் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குத் தெரிவதற்காக இருக்கவேண்டும். பிள்ளைகளோடு போனால் இந்தப் பெட்டியின் முன் கால் மணி நேரமாவது நிற்கவிடுங்கள். கோட்டை என்றால் ஆண்களும் வாளும்தான் என்று நினைத்திருப்பார்கள்; இங்கே ஒரு குடும்பம் தெரியும்.

அப்புறம் 2017-இல் கிடைத்த குத்துச்சண்டைக் கையுறைகள். இரண்டும் ஒரே ஜோடி அல்ல, அளவு வேறு. தோலுக்குள் பஞ்சுபோலத் திணித்து விரல்முட்டிக்குப் போடும் பட்டைகள். ஒன்றில் முட்டிகள் அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது. வழவழவென்று தேய்ந்த மரக் கழிப்பறை இருக்கை இருக்கிறது. குதிரையின் முகத்தில் அணிவிக்கும் தோல் கவசம் இருக்கிறது. பாசியிழையால் பின்னிய தலைமுடி போன்ற தொப்பி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கொசுக்கூட்டத்துக்குத் தற்காப்பாக இருக்கலாம் என்கிறார்கள். கோடையில் ஓடையோரம் உட்கார்ந்தவர்கள் அதை உடனே நம்பிவிடுவார்கள்.

கடிதங்களில் சில பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து இரவலாக இங்கே வந்து காட்சியில் இருக்கின்றன. மங்கலான விளக்கு, மூடிய பெட்டி, முதல் பார்வைக்குக் கறுத்த மரத்துண்டு மட்டும்தான். கண் இருட்டுக்குப் பழக நேரம் கொடுங்கள். வெளிச்சத்திலிருந்து வந்ததும் எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள் பலர். ஐந்து நிமிடம் அந்த அறையிலேயே நின்றால் மெல்லிய கோடுகள் எழும்பி வரும். வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும்.

இப்போது மேலே ஏறுங்கள்

அருங்காட்சியகத்திலிருந்து கோட்டைக்கு ஏறும் பாதை செங்குத்து. முட்டி வலி இருப்பவர்கள் நின்று நின்று ஏறட்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். இப்போது நீங்கள் பார்க்கும் கல் கோட்டை மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காலியர் (இன்றைய பிரான்ஸ் பக்கத்து மக்கள்) நாலாம் படைப்பிரிவின் காலம். செவெராவும் லெபிடினாவும் காம்பாக்ஸும் அதற்கு நூறு ஆண்டு முந்தியவர்கள். அவர்களுடைய மரக் கோட்டைகள் சில மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. லெபிடினா இருந்த வீடு கல் கோட்டைக்குள்கூட இல்லை, அதன் மேற்குப் பக்கத்து மண்ணுக்கடியில். வழிகாட்டிப் பலகைகளை அவசரமாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் குழம்பிவிடுகிறார்கள்.

கோட்டைக்குள் நடுவில் தலைமையகம், அதில் படையின் பணம் வைத்த அறை. பக்கத்தில் தலைவர் வீடு. தானியக் களஞ்சியங்களில் தரைக் கல்லைத் தூக்கி நிறுத்தி அடியில் காற்றுப் போக வழி விட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் குதிர்களைக் காலில் நிறுத்துவதற்கும் இதுதான் காரணம், ஈரமும் எலியும் அண்டக்கூடாது. வாசற்படிக் கற்களைக் குனிந்து பாருங்கள், கதவுக் குடுமி சுழன்ற குழி இருக்கும். வடக்கு மதிலை ஒட்டி டொலிகீனஸ் என்ற கீழைத் தெய்வத்தின் கோயில் 2009-இல் கிடைத்தது. சிரியப் பக்கத்துச் சாமியை இந்த மழை ஊரில் கும்பிட்டிருக்கிறார்கள். சுல்பிசியஸ் புடென்ஸ் என்ற படைத்தலைவர் அவருக்குப் பலிபீடம் நிறுவியிருக்கிறார்.

மேற்கு வாயிலுக்கு வெளியே ஊர்: தெரு, கடைகள், சாராயக்கடை, குளியல் மாளிகை. குளியல் மாளிகையில் சூடான காற்று போன அடித்தளம் தெளிவாகத் தெரியும். 1970-களில் மாதிரிக்கு எழுப்பிய கல் மதிலும் புல்மண் மதிலும் ஒரு பக்கம் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறலாம். பழைய சுவர்களின் மேல் ஏறக்கூடாது, பிள்ளைகளிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

தோண்டும் நாளில் போவது நல்லது

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வார நாட்களில், மழை வலுக்காமல் இருந்தால் அகழாய்வு நடக்கும். என்னைக் கேட்டால் இதற்காகவே விடுப்பு எடுக்கலாம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். தன்னார்வலர்கள் மண்ணோடு எழுந்து நின்று பதில் சொல்வார்கள். கீழடுக்குக்குப் போயிருக்கும் பள்ளம் என்றால் வாசனையிலேயே தெரியும்: கறுத்த சேறு, அழுகல் நாற்றம். பழைய பெரணிச் செடி, புல் எல்லாம் அதில் நிறம் மாறாமல் வெளியே வந்து, காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். நீங்களே தன்னார்வலராகச் சேரவும் முடியும். அடுத்த ஆண்டுக்கான இடங்களை இணையத்தில் திறப்பார்கள், சீக்கிரம் நிரம்பிவிடும்.

இதில் கவலைக்குரிய செய்தியும் இருக்கிறது. மண் காய்ந்தால், காற்று உள்ளே போனால், அடியில் இருப்பதெல்லாம் அழியும். கோடைகள் மாறிவருவதால் இதே அறக்கட்டளையின் பொறுப்பில் மேற்கே இருக்கும் மாக்னா கோட்டையில் மண் வறண்டு அமிழத் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் அங்கே 2023-இல் அகழாய்வு தொடங்கினார்கள். மாக்னாவை ஒட்டி ரோமானியப் படை அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் அடைக்க முயலாதீர்கள்.

சில கட்டுப்பாடுகள்

உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். வயலில் ஓட்டுச் சில்லு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். அது கிடந்த இடம்தான் அதன் செய்தி. ஆட்டு வயலின் கதவு மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். வசந்தத்தில் குட்டியோடு நிற்கும் ஆட்டுக்கு அருகே படமெடுக்கப் போகவேண்டாம். காரில் வருபவர்கள் சந்துப்பாதையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடங்களில் நிறுத்திவைக்காதீர்கள். டிராக்டர் ஓட்டி வருபவருக்கு அதுதான் வழி.

சுவரையும் பார்க்கவேண்டுமென்றால்

நேரமும் காலும் ஒத்துழைத்தால், சுமார் இரண்டு கிலோமீட்டரில் ஒன்ஸ் புரூட் என்ற சிற்றூர். அங்கே தி சில் என்ற பார்வையாளர் மையம். அதற்கு மேலே ஸ்டீல் ரிக்கில் சுவர் பாறை விளிம்போடு ஏறி இறங்கும். அங்கிருந்து கிழக்கே நடந்தால், பலரும் படமெடுத்த ஒற்றைச் சைக்கமோர் மரம் பள்ளத்தில் நின்ற இடம். 2023 செப்டம்பரில் ஓரிரவில் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அடிக்கட்டையிலிருந்து தளிர் விட்டது. மிதிக்காமல் தள்ளி நின்று பாருங்கள். படிகள் செங்குத்து, மழையில் வழுக்கும். மாமியாரோடு போன நாளில் நாங்கள் அங்கே போகவில்லை, போகாதது சரிதான் என்றே நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், கோட்டையும் முன்னதாக மூடும், சில வாரங்கள் திறப்பதே இல்லை. அதனால் மே முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது வாக்கில் நியூகாசிலில் ஏறினால், நடை, மைல்கல், அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம், சாப்பாடு, கோட்டையில் இரண்டு மணி நேரம் என்று போட்டாலும் மாலை ரயிலுக்கு இறக்கத்தில் நிதானமாக நடந்து வரலாம். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்பவர்கள் கோட்டையைத் தாண்டிப் போகும் வழியில் பார்த்துக்கொண்டு, நேரம் முழுவதையும் கீழே காலணிகளுக்கும் கடிதங்களுக்கும் கொடுங்கள்.